நாலுக்கு ஒண்டு

கடந்த விடுமுறையில் ராத்தா பேராதனையிலிருந்து வந்தபோது அவருடைய பையில் ஒரு பயிற்சித்தாள் இருந்தது. விஞ்ஞான பீட முதலாம் வருடப் புள்ளிவிபரவியல் பாடத்தின் நிகழ்தகவுக் கணக்குகள். நான் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவள். "இதெல்லாம் நாங்களும் செய்யிறதுதானே" என்று கொஞ்சம் பெருமையாகவே பேனையை எடுத்தேன். முதல் நான்கு கணக்குகளும் பையிலுள்ள நிறப் பந்துகளும் தாயக்கட்டைகளும்தான். ஐந்தாவதில் பந்து இல்லை.

தாயும் தந்தையும் தலசீமியா காவிகள். அவர்களுடைய ஒரு பிள்ளைக்கு நோய் இல்லையென்று தெரியும். அப்பிள்ளை காவியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

நோய் இல்லையென்றால் ஒன்றில் காவி, அல்லது காவி இல்லை. இரண்டில் ஒன்று. 1/2 என்று எழுதினேன். ராத்தா பார்த்துவிட்டுப் பிழை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எங்கட சாச்சிட மகள்ட கணக்கு" என்றார்.

சாச்சியின் மூத்த மகனுக்கு ஆறு வயது. மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குருதி ஏற்றிக்கொண்டு வருகிறான். ஏற்றும் குருதியோடு உடம்பில் இரும்பும் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்றவும் மருந்து. இளையவளுக்கு மூன்று வயது. அவளுக்கு ஒன்றுமில்லை, ஓடித்திரிகிறாள். மூன்றாவது பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோது உறவினர் ஒருவர் சாச்சிக்கு ஆறுதல் சொன்னார்: "நாலுக்கு ஒண்டு எண்டுதானே டொக்டர் சொன்ன? அந்த ஒண்டு வந்து முடிஞ்சி. இனி மூண்டும் நல்லா இருக்கும்." எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் ஆட்டினேன்.

டொக்டர் சொன்னது சரிதான். நாங்கள்தான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டோம்.

ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகு ஒவ்வொருவரிடமும் சோடியாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. நல்லதை 'ந' என்றும் குறையுள்ளதை 'கு' என்றும் எழுதுவோம். காவியிடம் ஒரு நவும் ஒரு குவும் இருக்கும். அவர் எங்களைப் போலவே நடமாடுவார். தான் காவி என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பெற்றோர் இருவரும் காவிகள் என்றால் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள இரண்டில் ஒன்றைச் சமவாய்ப்புடன் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். தாய் கொடுத்ததை முதலிலும் தந்தை கொடுத்ததை அடுத்தும் எழுதினால் மாதிரி வெளி இதுதான்:

நந, நகு, குந, குகு.

நான்கும் சமவாய்ப்புள்ளவை. குகு என்றால் நோய். அதுதான் டொக்டர் சொன்ன 1/4. நகு, குந இரண்டுமே காவிதான். குறையுள்ளது உம்மாவிடமிருந்து வந்தாலும் வாப்பாவிடமிருந்து வந்தாலும் பிள்ளை காவி. ஆகவே காவிக்கு 2/4, எந்தக் குறையுமில்லாத நந என்பதற்கு 1/4.

இப்போது ஐந்தாவது கணக்கு. பிள்ளைக்கு நோய் இல்லையென்று ஏற்கனவே தெரியும். அப்படியானால் குகு என்பதை வெட்டிவிட வேண்டும். மிஞ்சுவது மூன்று, அவற்றில் இரண்டு காவி. விடை 2/3. வகுப்பில் படித்த சூத்திரத்தில் போட்டாலும் 2/4 ஐ 3/4 ஆல் வகுக்க இதே 2/3 தான் வரும். நிபந்தனை நிகழ்தகவு என்று பெரிய பெயர் சொல்லிப் படித்ததெல்லாம் இந்த வெட்டுதல்தான்! தெரிந்ததை வைத்து, நடக்க முடியாததை மாதிரி வெளியிலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சியதை எண்ணுவது.

என்னுடைய பிழை காவி, காவியல்லாதவர் என்று இரண்டு பெயர்களைக் கண்டவுடன் இரண்டுக்கும் சமவாய்ப்பு என்று எடுத்துக்கொண்டதுதான். ராத்தா சிரித்துவிட்டு, இதே பிழையை விட்ட ஒரு பெரிய கணித மேதையைப் பற்றிச் சொன்னார். பிரான்சைச் சேர்ந்த டாலம்பேர், 1754இல் அந்நாட்டுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், நாணயத்தை இரு தடவை சுண்டும்போது ஒரு தடவையேனும் தலை விழுவதற்கான நிகழ்தகவு 2/3 என்று வாதிட்டார். முதலில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் பூவுக்குப் பிறகு தலை, அல்லது பூவுக்குப் பிறகு பூ. மூன்று வழிகளில் இரண்டு, ஆகவே 2/3 என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த முதல் வழி மற்ற இரண்டையும் விட இரண்டு மடங்கு வாய்ப்புள்ளது. சரியான விடை 3/4. இதைக் கேட்ட பிறகு என் கொப்பியிலிருந்த சிவப்புக் கோடு அவ்வளவாக வலிக்கவில்லை.

"அந்த ஒண்டு வந்து முடிஞ்சி" என்ற ஆறுதலுக்கு வருவோம். ஒரு பையில் நான்கு பந்துகள், அதில் ஒன்று சிவப்பு. சிவப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டால் மிச்சம் மூன்றும் வெள்ளைதான். உறவினர் மனதில் இருந்தது இந்தப் பை. ஆனால் பிள்ளைகள் அப்படி வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் எடுத்த பந்து திரும்பப் பைக்குள் போய்விடுகிறது. முதற் பிள்ளைக்கு என்ன போனது என்பது அடுத்த பிள்ளைக்குத் தெரியாது. இவை சாரா நிகழ்ச்சிகள். மூன்றாவது பிள்ளைக்கும் 1/4 தான், நான்காவதற்கும் 1/4 தான்.

மூத்தவனுக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் என்று வைத்தால், மூவருமே நோயின்றிப் பிறப்பதற்கான நிகழ்தகவு 3/4 × 3/4 × 3/4, அதாவது 27/64. கிட்டத்தட்ட 42 சதவீதம். பாதிகூட இல்லை. நாங்கள் தலையாட்டியது இதற்குத்தான். இப்போது ஒரு மகள் நோயின்றிப் பிறந்துவிட்டாள் என்பதால், இன்னும் இருவர் பிறந்தால் இருவருக்கும் நோய் இல்லாதிருக்க 9/16.

இதைச் சாச்சியிடம் யார் சொல்வது? ராத்தாதான் சொன்னார், அதே நான்கு எழுத்துச் சோடிகளை ஒரு தாளில் எழுதிக்காட்டி. சாச்சி நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவள்?" என்று மடியிலிருந்த மகளைக் காட்டிக் கேட்டார். 2/3 என்பதை ராத்தா எப்படிச் சொல்வாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "காவியா இருக்கலாம் சாச்சி. இருந்தாலும் அது வருத்தமில்ல. அவள் கட்டுறவர் காவியில்லாட்டி அவங்கட புள்ளைக்கு இந்த நோய் வராது" என்றார்.

அது கணக்கிலும் சரி. ஒருவர் நகு, மற்றவர் நந என்றால் மாதிரி வெளியில் குகு வரவே இடமில்லை. நிகழ்தகவு பூச்சியம். காவியென்று அறிந்த பிள்ளையை யாரும் ஒதுக்கவேண்டியதில்லை. கல்யாணப் பேச்சு முற்றுமுன் இரு பக்கமும் குருதியைச் சோதித்துப் பார்த்தால் போதும். முழுக் குருதிப் பரிசோதனையில் செங்குருதிக் கலங்கள் சிறிதாகத் தெரிந்தால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனையும் தேவை. இரும்புச்சத்துக் குறைவாலும் கலங்கள் சிறுக்கும். முதலாவதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சாச்சி காவி என்றால் மூத்தம்மா, மூத்தவாப்பா இருவரில் ஒருவராவது காவி. ஒருவர் மட்டும்தான் என்று கொண்டால், சாச்சியின் ராத்தாவான என் உம்மா காவியாக இருக்க 1/2. வாப்பா பக்கத்தில் ஒன்றுமில்லையென்று வைத்தால், எனக்கு அதில் பாதி, 1/4. சாச்சியின் வீட்டுக் கணக்கென்று நினைத்திருந்தேன். அது என் கட்டிலுக்கே வந்துவிட்டது.

காலையில் உம்மாவிடம் சொன்னேன். முதலில் அவருக்கு விருப்பமில்லை. "நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்கு வாற பேச்செல்லாம் நிண்டு போகும்" என்றார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் எங்கள் நால்வருக்கும் அவரே பதிவு செய்துவிட்டு வந்தார். குருதி கொடுத்த அறையில் என் 1/4 ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பில் கால்வாசி காவி என்று எதுவும் இல்லை. நான் காவி, அல்லது இல்லை. கால் என்பது எனக்குத் தெரியாததன் அளவு. பெறுபேற்றுத் தாள் கையில் வந்ததும் அது ஒன்றாகவோ பூச்சியமாகவோ மாறிவிடும்.

தாள் வந்துவிட்டது. என்ன வந்ததென்று இக்கட்டுரையில் எழுத வேண்டாமென்று உம்மா கேட்டுக்கொண்டார். எழுதினால் என்ன என்பது என் வாதம். இம்முறை உம்மா வென்றார். சாச்சியின் மகளையும் அடுத்த மாதம் கூட்டிப்போகிறார்கள்.