கல்லாவில் அமர்வோருக்கு வரும் ஒரு வலி

முகூர்த்த நாள் என்றால் திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவிக்க வருவோர் கூட்டம் அதிகம். பூ, பழம், மளிகை வியாபாரிகள் விடியற்காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பகல் ஆகிவிடும். கடையை விட்டு நகர முடியாமல் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. இவர்களில் சிலருக்கு அடிவயிற்றில் வலி, சிறுநீர் போகையில் எரிச்சல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே குத்தல் என்று மாதக்கணக்கில் தொந்தரவு இருக்கும். வெட்கத்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்லவில்லை.

நமக்கு இது வந்தபோது செய்ததெல்லாம் தவறு. மருந்துக் கடையில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை வாங்கி விழுங்கினோம். சற்றுக் குறைந்தது, திரும்ப வந்தது. மூன்று முறை இப்படி. பிறகு மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாமிடும் வைத்தியர் ஒருவர் ‘ஆண்மைக் கோளாறு’ என்று பயமுறுத்தி லேகியம் கொடுத்தார். ஒரு லோடு பருப்பில் கிடைக்கும் லாபம் அதில் போயிற்று. கடைசியில் யூராலஜி டாக்டரிடம் போனபோதுதான், ‘புராஸ்டேட் சுரப்பியில் நாள்பட்ட அழற்சி’ என்று தெரிந்தது.

இந்தச் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உண்டு. சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும். எடை சுமார் 20 கிராம். முதுமையில் அது பெருத்துச் சிறுநீரை அடைப்பது வேறு நோய். அழற்சியோ முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் பால்வினை நோய் என்று நினைத்துப் பலர் ஒளிக்கிறார்கள். நாள்பட்ட அழற்சி பொதுவாக அந்த வகை அல்ல.

முக்கியமான விஷயம், இதில் பெரும்பாலானோருக்குக் கிருமியே இருப்பதில்லை. கிருமி சிறுநீர்க் குழாயிலா, சுரப்பியிலா என்று மாதிரிகளைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கும் முறையை மீயர்ஸ், ஸ்டேமி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1968ல் வெளியிட்டார்கள். கிருமி உள்ள வகை, இல்லாத வகை என்று இன்று மருத்துவர்கள் பிரித்துத்தான் சிகிச்சை தருகிறார்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்து அந்தச் சுரப்பிக்குள் எளிதில் இறங்காது. ஐந்து நாளில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மறுபடி தலைதூக்கும். கிருமி இல்லாதவர் அதைத் திரும்பத் திரும்ப விழுங்குவது வீண் செலவு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை குதிகால் நாணைக் கெடுக்கக்கூடும். மூட்டை தூக்குவோர் இதைக் கவனிக்கவும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது சர்க்கரை அளவையும் ஏற்றி இறக்கும்.

கிருமி இல்லாத வகையில் இடுப்பின் அடித்தசைகள் இறுகிக் கிடப்பது ஒரு காரணம். அவற்றைத் தளர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பு அமிழ உட்காருவது சுகம் தரும். சிறுநீர் தடையின்றிப் போக டாம்சுலோசின் போன்ற மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்த நாட்களில் எழுந்தால் தலை சுற்றலாம், பரண் ஏணியில் ஏறாதீர்கள். சிறுநீரை அடக்குவதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அதுவும் நெடுநேரம் உட்காருவதும் வலியைக் கூட்டும். மணிக்கொரு முறை பையனைக் கல்லாவில் வைத்துவிட்டு எழுந்து நடக்கலாம். காபி, காரம், மது எவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அவர் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர் காய்ச்சலுடன் சிறுநீர் நின்றுபோனால் மறுநாள்வரை காத்திராதீர்கள்; அது உடனடி மருத்துவமனைக் கேஸ். நம் பகுதிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிறுநீரில் ரத்தம் கண்டாலும் காட்ட வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் எண் கூடுதலாக வந்ததும் புற்றுநோய் என்று நாம் இரண்டு இரவு தூங்கவில்லை. அழற்சியிலும் அந்த எண் ஏறும் என்று டாக்டர் சொன்னார். சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது இறங்கியிருந்தது.