வெளிச்சத்தின் விலை

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் நிஜம் போன்ற ஒளி வந்துவிட்டது. ஆனால் திரையில் தெரிவதில் பெரும்பகுதி கணக்கிட்டதல்ல, ஊகித்தது. அப்படியானால் காசு கொடுப்பவர் எதை வாங்குகிறார்?

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலை நோக்கி நடப்பவர்கள் பாத்திரக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். தேய்த்து வைத்த பித்தளைக் குடத்தில் தெருவே தெரியும். எதிர்க்கடை, மேலே தொங்கும் பல்பு, பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஓடும் ஆட்டோ, எல்லாமே வளைந்து நெளிந்து அதில் இருக்கும். யாரும் நின்று வியப்பதில்லை. ஆனால் இந்தச் சாதாரணக் காட்சியைத் திரையில் கொண்டுவர கம்ப்யூட்டர் விளையாட்டுத் தொழில் கால் நூற்றாண்டுக்கு மேல் தவம் கிடந்தது.

காரணம் எளிது. விளையாட்டில் காணும் உருவங்கள் எல்லாம் முக்கோணங்களால் ஆனவை. முக்கோணங்களைத் திரையில் பதித்து வண்ணம் பூசுவதே 1996இல் வந்த வூடூ கார்டு காலத்திலிருந்து பின்பற்றப்பட்ட வழி. வேகமான வழி, ஆனால் வெளிச்சத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நிழல், பிரதிபலிப்பு எல்லாம் தனித்தனி தந்திரங்கள். ஒரு தந்திரம், திரையில் ஏற்கெனவே உள்ள படத்தையே பிரதி எடுத்துக் குடத்தின்மேல் ஒட்டுவது. முதுகுக்குப் பின்னால் ஓடும் ஆட்டோ திரையில் இல்லை. ஆகவே குடத்திலும் இல்லை.

சரியான வழி எது என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதில் பட்டு எங்கே திரும்புகிறது என்று பின்தொடரும் முறையை பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட் 1980இல் விளக்கினார். ஒளியின் போக்கு முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார் ஜேம்ஸ் கஜியா. அது 1986இல். விஞ்ஞானம் தயார், எந்திரம்தான் தயாராக இல்லை. விட்டட்டின் கண்ணாடி உருண்டைப் படம் ஒன்றை வரைய அன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

சினிமாக்காரர்களுக்கு இது பெரிய இடைஞ்சல் அல்ல. ஒரு படச்சட்டம் வரைய மணிக்கணக்கில் ஆனாலும் அவர்களால் காத்திருக்க முடியும். பிக்ஸார் நிறுவனம் 2006இல் 'கார்ஸ்' படத்தில் கதிர் முறையைத் தாராளமாகப் பயன்படுத்தியது அப்படித்தான். விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை. நொடிக்கு 60 படங்கள் வேண்டும். 4கே திரையில் ஒரு படத்துக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 50 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பல கதிர்கள் அனுப்புவதென்றால்?

ஊகிக்கும் எந்திரம்

கதிர்களைப் பின்தொடர்வதற்கென்றே தனிப் பகுதி கொண்ட ஆர்டிஎக்ஸ் கார்டுகளை 2018இல் என்விடியா கொண்டுவந்தபோது முதல் கதவு திறந்தது. அந்தக் கார்டுகளாலும் முழுக் கணக்கைப் போட முடியவில்லை. எனவே புள்ளிக்குச் சில கதிர்களை மட்டும் அனுப்புவது, மீதியை நிரப்பச் செயற்கை நுண்ணறிவிடம் விடுவது என்று ஏற்பாடானது. 'ரெண்டரிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. மூலத்தில் பாதிப் பக்கங்கள் இல்லாமலே சரளமாக மொழிபெயர்த்துத் தருபவரைப் போன்றது இந்த எந்திரம். படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

டிஎல்எஸ்எஸ் எனப்படும் இந்தத் தொழில்நுட்பம் முதலில் சிறிய படத்தைப் பெரிதாக்கியது. 2022இல் வந்த மூன்றாம் பதிப்பு, இரண்டு படங்களுக்கு இடையே இல்லாத ஒரு படத்தையே உண்டாக்கியது. 2025இல் வந்த நான்காம் பதிப்பு, கணக்கிட்ட ஒரு படத்துக்கு மூன்று படங்கள் வரை உண்டாக்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு படங்களில் ஒன்றுதான் அசல். அந்த அசலிலும் நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளே வரையப்பட்டவை. ஆக, 16 புள்ளிகளில் 15 ஊகம். நிறுவனம் இதை மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறது. ஏஎம்டி, இன்டெல் நிறுவனங்களும் இதே பாதையில்தான் போகின்றன.

இதில் ஏமாற்று ஏதும் இருக்கிறதா? பெரும்பாலான நேரம் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரிவது கைக்கு. இடைப்படத்தை உண்டாக்க அடுத்த அசல் படம் வரும்வரை எந்திரம் காத்திருக்க வேண்டும். 30 படங்களை 120 ஆக்கினால் திரை வழவழப்பாக ஓடும்; ஆனால் பட்டனை அழுத்தியதற்குப் பதில் வருவது 30 படங்களின் மந்தகதியில்தான், சில சமயம் அதற்கும் பின்னால். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்ணிக்கை இதைச் சொல்வதில்லை.

மூடும் கதவு

பழைய வழி இனி எத்தனை நாள்? 2024 டிசம்பரில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டுமே கதிர் வசதியுள்ள கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஓடாது. தயாரிப்பாளர்களுக்கு இதில் லாபம் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் நிழலை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரில் ஒட்டும் வேலை மிச்சம்; விளக்கை நகர்த்தினால் வெளிச்சம் தானே மாறும். நஷ்டம் பழைய எந்திரக்காரருக்கு. முன்பெல்லாம் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டாவது விளையாடலாம். இனி அந்த ஒதுக்குப்புறமும் கிடையாது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2017இல் என்விடியாவின் உயர்ரக விளையாட்டுக் கார்டான 1080டிஐ அமெரிக்காவில் 699 டாலர். 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 5090 கார்டு 1,999 டாலர். இந்தியாவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல். மின்சாரம் 575 வாட் வரை இழுக்கும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 2020 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானத்தில் சரிபாதி விளையாட்டுகளிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் மொத்த வருமானம் 13,050 கோடி டாலர். விளையாட்டின் பங்கு சுமார் 1,135 கோடி. பத்தில் ஒன்றுகூட இல்லை. விளையாட்டுப் பிள்ளைகளின் பாக்கெட் மணியில் வளர்ந்த கம்பெனிக்கு இப்போது அந்தப் பிள்ளைகள் சில்லறை வாடிக்கையாளர்கள்.

கழக்கூட்டத்தின் கவலை

நகரின் வடக்கே கழக்கூட்டத்தில், 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில், 1999இலிருந்து இயங்குகிறது டூன்ஸ் நிறுவனம். 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த தெனாலிராமன் தொடர் இங்கே உருவானதுதான். அனிமேஷனும் விளையாட்டும் ஒரே கைத்திறனை நம்பும் தொழில்கள். மத்திய அரசு 2022 பட்ஜெட்டில் இத்துறைக்கென ஒரு செயற்குழுவை அறிவித்தது.

ஆனால் கற்றுக்கொள்ளும் இளைஞர் முதலில் ஏறும் படிக்கட்டு எது? நாற்காலி, தூண், கதவு என்று சில்லறைப் பொருள்களுக்கு உருவம் கொடுப்பதுதான். அந்தப் படியே ஆடுகிறது. சில டஜன் புகைப்படங்களைக் கொடுத்தால் ஓர் இடத்தை எந்தக் கோணத்திலிருந்தும் காட்டும் 'நெர்ஃப்' முறை 2020இல் வந்தது. அதைக் கண்டவர்களில் பிரதுல் ஸ்ரீநிவாசன், ரவி ராமமூர்த்தி என்ற பெயர்களும் உண்டு. 2023இல் பிரான்சின் இன்ரியா ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு, முக்கோணமே இல்லாமல் லட்சக்கணக்கான ஒளித் திவலைகளால் அதே காரியத்தை உடனுக்குடன் செய்து காட்டியது. நவராத்திரிக்கு வேளிமலை முருகன் வந்து தங்கும் ஆரியசாலைக் கோயிலின் தூண்களை ஒரு சிற்பியைப் போல மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் செதுக்க வேண்டாம். கேமராவோடு ஒரு சுற்று வந்தால் போதும். தூணை எங்கே வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், கதைக்கு அது எதற்கு என்று தீர்மானிக்கும் கண் மட்டும் தேவைப்படும். பயிற்சி நிலையங்கள் மென்பொருளின் பட்டன்களைக் கற்றுத்தருகின்றன. அந்தக் கண்ணை வளர்க்கிறார்களா என்பதே பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

கார்டு வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. கடைக்காரர் எண்ணிக்கையைக் காட்டும்போது, "இதில் அசல் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அவசரப்படத் தேவையில்லை. உங்கள் பிள்ளை விரும்பும் விளையாட்டு பழைய கார்டிலேயே ஓடக்கூடும்.