கடலோடியும் எந்திரமும் – 9: தண்ணீருக்குள் இருக்கும் பாதி

சென்ற வாரம் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டாரின் தலைப்பகுதியைப் பார்த்தோம். கார்புரேட்டர், பிளக், பிஸ்டன் என்று கண்ணுக்குத் தெரிந்தவை அவை. இந்த வாரம் கீழே இறங்குவோம். மோட்டாரின் மறுபாதி எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. பார்வையில் படாததால் கவனத்திலும் படுவதில்லை. ஆனால் கரை திரும்புவதும் திரும்பாததும் அந்தப் பாதியின் கையில் இருக்கிறது.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் நான் பார்த்த காலை இது. விடியற்காலை மீன்பாட்டுக்குப் போன பைபர் படகு ஒன்றை, பத்து மணி வாக்கில் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது, உறுமுகிறது, ஆனால் கியர் போட்டால் கடகடவென்று அரைக்கும் சத்தம் மட்டும் வருகிறது. கொட்டகையில் மெக்கானிக் மோட்டாரை நிறுத்தி வைத்து, கீழ்ப்பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். முதலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதன் பின்னால் ஆயில், பால் அதிகமாய்ப் போட்ட டீயின் நிறத்தில்.

“நேத்துவரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடுச்சு” என்றார் படகுக்காரர்.

“ஓடுனது மேல இருக்குற இஞ்சின் தம்பி. கீழ கியருக்கு என்னாச்சுன்னு எப்ப பாத்தே?”

புரொப்பல்லரைக் கழற்றியதும் பதில் கிடைத்தது. அச்சைச் சுற்றி, தண்ணீர் உள்ளே புகாமல் காக்கும் ரப்பர் சீலை ஒட்டி, மோதிரம்போல இறுகிக் கிடந்தது தங்கூசி. அவருடைய வலையின் நூலேதான். சுழலும் அச்சோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி, ரப்பர் சீலை அறுத்துவிட்டது. அந்தக் கீறல் வழியே கடல் உள்ளே போயிருக்கிறது.

கீழ்ப்பெட்டியின் அமைப்பு எளிமையானது. இஞ்சினிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கியர் போடும்போது நடுவிலுள்ள கவ்வி, முன்செல்லும் சக்கரத்தையோ பின்செல்லும் சக்கரத்தையோ பற்றிக்கொள்கிறது; புரொப்பல்லர் அச்சு திரும்புகிறது. இத்தனையும் மூழ்கிக் கிடக்கும் எண்ணெய், 9.9 அல்லது 15 குதிரைசக்தி மோட்டார்களில் ஏறத்தாழ கால் லிட்டர்தான். அதில் தண்ணீர் கலந்தால் எண்ணெய்க்கு வழுக்கும் குணம் போகிறது. பேரிங் துருப்பிடிக்கிறது, பற்கள் பொரிகின்றன.

இதைத் தடுக்க வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். இதில் சமரசம் கூடாது. கையால் புரொப்பல்லரைத் திருப்பும்போது இஞ்சின் பற்றிக்கொண்டால் விரல் போய்விடும். இறக்கைக்கும் மேலே உள்ள கிடைத்தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் புரொப்பல்லர் திரும்பாது. பூட்டுப் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, அச்சில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது அச்சின் வரிப்பள்ளங்களில் கடல்நீர் தாங்கும் கிரீஸ் தடவுங்கள். தடவாமல் விட்டால் உப்பு ஏறி, அடுத்த முறை சுத்தியல் இல்லாமல் புரொப்பல்லர் வராது. பூட்டுப் பின் புதிதாக இருக்கட்டும்.

ஆயில் மாற்றுவதிலும் ஒரு முறை உண்டு. புது மோட்டாரில் முதல் 10 முதல் 20 மணி நேர ஓட்டத்திலேயே மாற்ற வேண்டும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எது முந்துகிறதோ அது. கீழ்த்திருகு, மேல்திருகு இரண்டையும் கழற்றி வடிய விடுங்கள். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மேல்துளையில் ஆயில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, பிறகு கீழே குழாயை எடுத்துச் சட்டென்று கீழ்த்திருகைப் போடுங்கள். இரண்டுக்கும் புது வாஷர். ஊற்றுவது கையேடு சொல்லும் கியர் ஆயிலாக இருக்கட்டும். மீந்த இஞ்சின் ஆயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கும் வழக்கம், பிறகு கியர் வாங்குவதில்தான் முடியும். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோன்ற கருந்துகள் தேய்மானம், அஞ்ச வேண்டாம். நகக்கண் அளவு இரும்புச் சில் வந்தால், மோட்டாரை அன்றே பிரிக்க வேண்டும்.

கீழ்ப்பெட்டிக்கு மேலேயே இருக்கிறது தண்ணீர் பம்ப். அதற்குள் ரப்பர் இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரம் சுழன்று, கடல்நீரை இஞ்சினுக்கு ஏற்றிக் குளிர வைக்கிறது. நம் கரையில் துறைமுகமில்லாத ஊர்களில் படகு அலையைத் தாண்டி மணலில்தான் ஏறுகிறது. அந்த மணலைப் பம்ப் உறிஞ்சும்போது ரப்பர் தேய்கிறது. மோட்டாரிலிருந்து பீச்சும் தண்ணீர்த் தாரை மெலிந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். கரையில் தண்ணீரில்லாமல் ‘ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்போம்’ என்று இயக்குவது அந்த ரப்பரைப் பொசுக்கிவிடும். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, கீழ்ப்பாகத்தை அதில் இறக்கி ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் உப்பும் கழுவப்படும், பம்பும் பிழைக்கும். அடியில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். அலுமினியப் பெட்டிக்குப் பதில் உப்புநீருக்குத் தன்னைத் தின்னக் கொடுக்கவே அது அங்கே இருக்கிறது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

இனி புரொப்பல்லர். அதன் குடத்தில் 9¼ × 9 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது, இறக்கைகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது பிட்ச்: மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, தண்ணீர் நழுவாமல் இருந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. இஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடி, கியர் அதைப் பாதியாகக் குறைத்தால் புரொப்பல்லருக்கு 2500 சுற்று. 9 அங்குலப் பிட்சுக்கு நிமிடத்தில் 22,500 அங்குலம். அதாவது மணிக்கு 34 கிலோமீட்டர். ஆனால் தண்ணீர் மரம் அல்ல. வலையும் ஐஸும் ஏற்றிய படகு இந்தக் கணக்கில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம்.

கடைக்காரர் ‘பெரிய நம்பர் போடு, வேகமா போகும்’ என்று சொல்வது இந்த இடத்தில்தான் தப்பாகிறது. பிட்ச் அதிகமானால் பாரம் ஏற்றிய படகில் இஞ்சின் தன் சுற்றை எட்ட முடியாமல் திணறும். மேட்டில் நான்காம் கியரில் ஏறும் பாரவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் சூடாகும், கரி படியும், எரிபொருள் வீணாகும். பிட்ச் மிகக் குறைந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று தேயும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்: தொழிலுக்குப் போகும் அதே பாரத்தோடு, அலை அடங்கிய நேரத்தில், முழு வேகத்தில் ஓட்டி, சுற்றுமானியைப் பார்ப்பது. கையேடு 4500 முதல் 5500 வரை என்று சொல்லி, உங்கள் மானி 4300 காட்டினால் பிட்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும். இரண்டு அங்குலம் குறைத்தால் 4700-க்கு வந்து நிற்கும்.

ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதே இந்தத் துறையின் பிறப்புக் கதையும்கூட. 1836-ல் திருகுப் புரொப்பல்லருக்குக் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், மறுவருடம் கால்வாயில் தன் படகை ஓட்டினார். இரண்டு சுற்றாகச் செய்திருந்த மரத்திருகு மோதிப் பாதி உடைந்துபோனது. உடைந்த பிறகு படகின் வேகம் கூடியது! 1894-ல் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய ‘டர்பினியா’ கப்பலுக்கு நேர்ந்தது இன்னொன்று. அதன் ஒற்றைப் புரொப்பல்லர் மிக வேகமாகச் சுழன்றதில், இறக்கையின் பின்புறம் அழுத்தம் குறைந்து, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழிகளானது. குமிழிக்குள் சுற்றும் இறக்கைக்குத் தள்ளுவதற்குத் தண்ணீர் ஏது? மூன்று அச்சுகளில் மும்மூன்று புரொப்பல்லர்களாகப் பிரித்த பிறகுதான் 1897-ல் அந்தக் கப்பல் 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) வேகத்துக்கு மேல் பறந்தது. உங்கள் இறக்கையில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்திருந்தால், அந்தக் குமிழிகள் உடைந்து அறைந்த அடிதான் அது. மோட்டார் உயரமாக மாட்டப்பட்டு, அலையில் பின்பக்கம் தூக்கும்போது மேல்காற்றை உறிஞ்சிக்கொண்டு வீரிடுவது வேறு நோய். புரொப்பல்லருக்கு மேலுள்ள கிடைத்தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்குமாறு இறக்கினால் அது தீரும்.

எவர்சில்வர் புரொப்பல்லர் தேயாது, வளையாது என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பாறையும் பவளத்திட்டும் உள்ள கடலில் அலுமினியமே என் பரிந்துரை. கல்லில் அடித்தால் அலுமினிய இறக்கை வளையும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும். எவர்சில்வர் வளையாததால் அந்த அடி நேராகக் கியரில் இறங்கும். குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் அடியை வாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது. அது நழுவினால் இஞ்சின் அலறும், படகு நகராது. அப்போது ஆக்சிலேட்டரைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் கரை சேரலாம். உள்குடத்திலிருந்து வெளிக்குடம்வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு இரண்டாக விலகினால் புஷ் நழுவிவிட்டது என்று கரையிலேயே தெரிந்துவிடும். வளைந்த இறக்கையைச் சுத்தியலால் தட்டி நேராக்கினால் மூன்று இறக்கையும் ஒரே பிட்சில் இருக்காது. அந்த அதிர்வு நேராகச் சீலையும் பேரிங்கையும் தின்னும். படகில் உபரியாக ஒரு புரொப்பல்லர், நட்டு, பின், ஸ்பேனர், மரக்கட்டை இருக்கட்டும்.

அந்தப் படகுக்காரருக்குக் கியர், பேரிங், சீல் எல்லாம் புதிதாகப் போட வேண்டியிருந்தது. மூன்று வாரம் அவர் கடலுக்குப் போகவில்லை. பிறகு ஒரு நாள் அதே கரையில் அவரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகாத ஊர் அது. இரவெல்லாம் மோட்டார் நிமிர்ந்து நின்றால் உள்ளே புகுந்த தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். அதனால் கோயில் மணிக்கு முன்பே எழுந்து, அடித்திருகை அரைச்சுற்று தளர்த்தி, கசியும் முதல் சொட்டை வெள்ளைத் துணியில் ஏந்துகிறார். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். எண்ணெய் தெளிவாக இருந்தால் திருகை இறுக்கிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புகிறார். திங்கள் விடியலில் படகு இறங்கும்.

(தொடரும். அடுத்த வாரம்: பைபர் உடலில் விழும் விரிசல்கள்)