ஒரு படுக்கையின் கணக்கு

மருத்துவமனையில் சேர்க்கப்படும் நூறு பேரில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற எண்ணை 'மருத்துவமனை இறப்பு விகிதம்' என்று மருத்துவத் துறையினர் குறிப்பிடுகின்றனர். செய்தித்தாளில் இது மருத்துவமனைக்குப் போடப்பட்ட மதிப்பெண் போல வாசிக்கப்பட்டாலும், வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் யார், நோயின் எத்தனையாவது நாளில் வந்தார்கள், அப்போது எத்தனை படுக்கைகள் காலியாக இருந்தன என்பவற்றையும் சேர்த்தே அந்த எண் அளக்கிறது. அதனால்தான் அதே கட்டடத்தில், அதே நோய்க்கு, பெரும்பாலும் அதே மருத்துவர்கள் சிகிச்சை அளித்தும், கொரோனா காலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் விடை வேறாக வந்தது.

அரியலூர் மாவட்டத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த, 2011 கணக்கெடுப்பின்படி ஏழரை லட்சம் மக்கள் வாழும் இம்மாவட்டத்தில், 2020 ஏப்ரல் இறுதிவரை தொற்று மிகக் குறைவாகவே இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தை தொற்று மையமாகி மூடப்பட்டபோது, அங்கே மூட்டை சுமந்தும் கடைகளில் வேலை பார்த்தும் பிழைத்தவர்கள் லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் ஏறி அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலுள்ள சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். சில நாட்களிலேயே அரியலூரின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. அவர்களில் பெரும்பாலோர் உழைத்து உரமேறிய இளவயதினர்; காய்ச்சலோ இருமலோ இல்லாதவர்களும் அவர்களில் ஏராளம். ஆயினும் தொற்று உறுதியானால் மருத்துவமனையிலோ சிகிச்சை மையத்திலோ சேர்க்க வேண்டும் என்பதே அன்றைய நடைமுறையாக இருந்ததால், அவர்கள் எல்லோரும் 'உள்நோயாளிகள்' ஆயினர்.

இந்த ஒரு நடைமுறை கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதைக் கற்பனையாக ஓர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். நூறு பேர் சேர்க்கப்பட்டு, அவர்களில் இருபது பேருக்கு மூச்சுத்திணறல் வந்து, நான்கு பேர் இறந்தால் இறப்பு விகிதம் 4 சதவீதம்; அறிகுறியற்ற எண்பது பேரை வீட்டுத் தனிமையில் இருக்கச் சொல்லி, மூச்சுத்திணறல் உள்ள இருபது பேரை மட்டும் சேர்த்தால், அதே நான்கு இறப்புகள் 20 சதவீதமாகிவிடுகின்றன. ஓர் உயிர்கூடக் கூடுதலாகப் போகவில்லை. வகுக்கும் எண்தான் சுருங்கியது. வீட்டுத் தனிமை பரவலான பிறகு, மாவட்டத்துக்கு மாவட்டம் இறப்பு விகிதத்தை ஒப்பிட்டு நடந்த வாதங்களில் பெரும்பகுதி இந்தக் கழித்தலை மறந்த வாதங்களே.

ஆனால் மாற்றம் முழுவதையும் வகுத்தல் கணக்கில் தள்ளிவிட முடியாது. பிரிட்டன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட சுமார் 80,000 பேரை ஆராய்ந்த ஆய்வொன்றில், 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் 32.3 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான காலத்தில் 16.4 சதவீதமாக இறங்கியது. வயது, இணைநோய், நோயின் தீவிரம் ஆகியவற்றைச் சமன்செய்து பார்த்த பிறகும் இறக்கம் முற்றிலும் மறையவில்லை. மருத்துவர்கள் நோயைக் கற்றுக்கொண்டதற்கு அதில் ஒரு பங்கு உண்டு. மூச்சுத்திணறல் உள்ளவரைக் குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஆக்சிஜன் ஏறுகிறது என்பதும், குழாய் செருகிச் செயற்கைச் சுவாசம் அளிக்க அவசரப்பட வேண்டியதில்லை என்பதும் வார்டுகளில் நாள்தோறும் பார்த்துப் பழகித் தெளிந்த பாடங்கள். அவற்றைவிடப் பெரிய பாடம் டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்திலிருந்து வந்தது. 2020 ஜூனில் வெளியான பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதே மருந்தால் பயன் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வே சொன்னது. அந்த இரண்டாம் பாதி போதிய அளவு காதில் விழவில்லை. சர்க்கரை நோய் மிகுந்த நாட்டில் ஸ்டீராய்டைத் தேவைக்கு மேல் கொடுத்தது, 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கான காரணங்களில் ஒன்று.

சில்லறை விலைக்குக் கிடைத்த மருந்து உயிர் காத்துக்கொண்டிருக்க, அரிதாகக் கிடைத்த மருந்தின் பின்னால் குடும்பங்கள் அலைந்தன. ரெம்டெசிவிர் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்ற இடைக்கால முடிவை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தும், அடுத்த ஆண்டு சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த மருந்துக்காக வெளிமாவட்டத்தவரும் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். குணமானவரின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் பிளாஸ்மாவும் அப்படித்தான்: 39 இந்திய மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த ஆய்வு அதனால் பலனில்லை என்று காட்டி ஏழு மாதங்கள் ஆன பின்பே, 2021 மே மாதத்தில், அது சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது.

கற்றுக்கொண்டது இவ்வளவு இருந்தும் இரண்டாம் அலையில் விகிதம் மேலே ஏறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற சுமார் 19,000 உள்நோயாளிகளில், முதல் அலையில் 10.2 சதவீதமாக இருந்த இறப்பு இரண்டாம் அலையில் 13.3 ஆயிற்று, அதுவும் நோயாளிகளின் சராசரி வயது சற்றுக் குறைந்திருந்த நிலையில். டெல்டா என்ற புதிய திரிபின் வீரியம் ஒரு காரணம் என்றால், நெரிசல் இன்னொன்று. முதல் அலையின் உச்சத்தில் நாளொன்றுக்கு ஏழாயிரம் அளவில் இருந்த தமிழ்நாட்டின் தொற்று, 2021 மே 21 அன்று 36,184 ஆனது.

நெரிசல் எப்படிக் கொல்கிறது என்பதை ஓர் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது பதினோரு மணி நேரத்துக்கு மேல் வரும். நிமிடத்துக்கு 60 லிட்டர் செலுத்தும் உயர் பாய்வுக் கருவியில் இருப்பவருக்கோ இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அத்தகைய நோயாளிகள் பத்துப் பேர் உள்ள வார்டில் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு சிலிண்டர் மாற்றப்பட வேண்டும். திரவ ஆக்சிஜன் தொட்டி இல்லாத சிறு மருத்துவமனைகள் 'ரெஃபர்' செய்வதைத் தவிர வேறு வழியற்று நின்றது இதனால்தான்.

ரெஃபர் என்ற அந்தச் சொல்லுக்குக் கல்லங்குறிச்சி போன்ற ஊரில் தூரம் என்று பொருள். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் அறியப்பட்ட அவ்வூரிலிருந்து அரியலூர் அரசு மருத்துவமனை சில கிலோமீட்டரில் இருந்தாலும், 'சாச்சுரேஷன்' எனப்படும் ரத்த ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனால், சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிக்கோ, அதைவிடச் சற்று அருகிலுள்ள தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருந்தது. இந்த நோயில் மூச்சு வாங்குவதற்கு முன்பே ஆக்சிஜன் இறங்கிவிடுவதால், விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டிய பிறகும் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர். தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளைக் கொண்டு ரமணன் லட்சுமிநாராயண், அன்றைய சுகாதாரச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு, இங்கே மருத்துவமனையில் சேர்ந்தபின் இறந்தவர்கள் சுமார் ஐந்து நாளில் இறந்ததாகவும், அமெரிக்காவில் அந்த இடைவெளி ஏறத்தாழ இரண்டு வாரம் என்றும் காட்டியது. காலம் கடந்து வந்து சேர்ந்தவர்கள் அந்த ஐந்து நாள் கணக்கில் கணிசமாக இருந்திருக்க வேண்டும்.

விகிதத்தைக் கீழே இறக்கிய அடுத்த சக்தியான தடுப்பூசி வார்டுக்கு வெளியே இருந்தது. தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரைப் பற்றிய ஆய்வில், 2021 ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை கொரோனாவால் இறந்தவர்கள் 31 பேர். தடுப்பூசியே போடாத 17,059 பேரில் 20 பேரும், இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேரும் அதில் அடங்குவர். அலை உச்சத்தில் இருந்தபோதே கிடைத்த சான்று இது.

கொரோனா அல்லாத நோயாளிகளின் கதி இந்த எண்கள் எதிலும் பதிவாகவில்லை. 2020 மார்ச் முதல் மே வரை இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் புதிய பதிவுகள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைந்தன. 2019-இல் 24 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவு மறு ஆண்டு 18 லட்சமானது. நோய் குறையவில்லை, பேருந்து நின்றுபோனது. ஊரடங்கின் தொடக்கத்தில் கும்பகோணம் பகுதித் தொழிலாளி ஒருவர், புற்றுநோயால் அவதிப்பட்ட மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்துப் புதுச்சேரி ஜிப்மர் வரை மிதித்துச் சென்றது அன்று செய்தியானது. சைக்கிளும் இல்லாதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் வேறு பத்துப் புதிய கல்லூரிகளோடு சேர்ந்து 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது; இரண்டாம் அலை உச்சம் தொட்டு அப்போது ஏழு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன.