தானுந்துச் சாளரங்களைக் கைவிசைக்கு மாற்றுதல்

தானுந்துச் சாளரங்களைக் கைவிசைக்கு மாற்றுதல் என்பது, பழைய தானுந்து ஒன்றின் கதவுக் கண்ணாடிகளை ஏற்றி இறக்கும் மின்னோடி அமைப்பை நீக்கிவிட்டு, கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் அமைப்பை அவ்விடத்தில் பொருத்துவதாகும். பேச்சு வழக்கில் பவர் விண்டோ எனப்படும் மின்சாளரத்தின் மின்னோடி, ஆளி, மின்கம்பி ஆகியவை பழுதடைந்து, உதிரிப்பாகங்கள் கிடைக்காதபோது அல்லது அவற்றின் விலை மிகுதியாக இருக்கும்போது இம்மாற்றம் செய்யப்படுகின்றது. மின்னோடியைக் கழற்றிவிட்டு ஒரு கைப்பிடியை மாட்டுவது மட்டும் இதற்குப் போதாது. கண்ணாடியை ஏற்றுவதுடன், ஏற்றிய இடத்திலேயே அதை நிறுத்தி வைப்பதும் மின்னோடி அமைப்பின் பணியாக இருப்பதே இதற்குக் காரணம்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 ஆம் ஆண்டில் தனது 180 வகைத் தானுந்துகளில் விசையால் இயங்கும் சாளரங்களை அறிமுகப்படுத்தியது. இவை நீர்ம அழுத்தத்தால் இயங்கின. பின்னர் ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறு மின்னோடியைப் பொருத்தும் முறை பரவியது. பல பத்தாண்டுகளுக்கு மின்சாளரம் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் வசதியாகவே இருந்தது. எனவே ஒரே மாதிரித் தானுந்து கைச்சாளரத்துடனும் மின்சாளரத்துடனும் விற்கப்பட்டது. பழைய வண்டிகளில் இம்மாற்றம் இயலுவதற்கு இதுவே அடிப்படையாகும். அமெரிக்கச் சந்தையில் கைச்சாளரத்துடன் கடைசி வரை விற்கப்பட்ட ஜீப் ராங்லர், கிளாடியேட்டர் ஆகிய வண்டிகளும் 2025 மாதிரி ஆண்டு முதல் மின்சாளரத்துக்கு மாறின.

இயங்கும் முறை

கதவினுள் கண்ணாடியைத் தாங்கி ஏற்றி இறக்கும் பொறி ரெகுலேட்டர் எனப்படுகின்றது. இதில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. கத்தரிக்கோல் போலக் குறுக்காக அமைந்த இரு கைகளைக் கொண்டது ஒரு வகை. கம்பி வடத்தால் கண்ணாடியை இழுப்பது மற்றொரு வகை. கத்தரி வகையில் விசிறி வடிவப் பற்தகடு ஒன்றைச் சிறிய பற்சக்கரம் நகர்த்துகின்றது.

மின்சாளரத்தில் மின்னோடியின் சுழற்சி, வோர்ம் கியர் எனப்படும் திருகு வடிவப் பல்லிணை வழியாகச் செல்கின்றது. திருகு சுழன்றால் பற்சக்கரம் சுழலும். ஆனால் பற்சக்கரத்தை அழுத்தித் திருகைச் சுழற்ற இயலாது. ஆகவே மின்சாரம் நின்ற பின்னரும் கண்ணாடி தன் எடையால் கீழே இறங்குவதில்லை.

கைச்சாளரத்தில் இப்பணியைச் சுருள்வில் தடை ஒன்று செய்கின்றது. கைப்பிடி அச்சைச் சுற்றியுள்ள ஒரு வில், உருளை வடிவக் கூட்டினுள் இறுக்கமாக அமைந்திருக்கும். கைப்பிடியைச் சுழற்றும்போது வில் சுருங்கி, கூட்டிலிருந்து விடுபட்டுச் சுழல இடம் தருகின்றது. கண்ணாடியின் எடை அச்சைச் சுழற்ற முயலும்போது அதே வில் விரிந்து, கூட்டின் சுவரைப் பற்றி நிறுத்துகின்றது. மின்சாளர ரெகுலேட்டரில் இத்தடை இல்லை. எனவே ரெகுலேட்டரை முழுமையாக மாற்றுவதே முறையாகும்.

எடுத்துக்காட்டு

1984 முதல் 2001 வரையான மாதிரி ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, இருவகைச் சாளரங்களுடனும் கிடைத்தது. இவ்வண்டியில் ஓட்டுநர் கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இரப்பர்க் குழாயினுள் செல்லும் மின்கம்பிகள், கதவு திறந்து மூடும்போது மீண்டும் மீண்டும் வளைந்து காலப்போக்கில் அறுந்துவிடுகின்றன. மற்றக் கதவுகளின் சாளரச் சுற்றும் ஓட்டுநர் கதவின் முதன்மை ஆளி வழியாகச் செல்வதால், ஓரிடத்தில் ஏற்படும் அறுப்பு பல சாளரங்களை முடக்கக்கூடும். எனவே மாற்றத்தில் இறங்குமுன் உருகி, ஆளி, கம்பி ஆகியவற்றைச் சோதிப்பது நல்லது. அறுந்த கம்பியைப் பற்றவைப்பதாலேயே பழுது நீங்கிவிடலாம்.

மாற்றும் முறை

இதற்குத் தேவையான பாகங்கள், அதே மாதிரியைச் சேர்ந்த, கைச்சாளரம் கொண்ட கழிவு வண்டியிலிருந்து பெறப்படுகின்றன. ஒவ்வொரு கதவுக்கும் ரெகுலேட்டர், கைப்பிடி, அதை அச்சில் பிடிக்கும் கவ்வி, கைப்பிடி அச்சுக்குத் துளையுள்ள உட்பலகை ஆகியவை தேவை. இடப்பக்க, வலப்பக்க ரெகுலேட்டர்கள் வேறுபட்டவை. இரண்டு கதவு, நான்கு கதவு வண்டிகளின் பாகங்களும் பொதுவாக ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை.

முதலில் மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்படுகின்றது. உட்பலகையும் அதன் பின்னுள்ள ஈரத்தடுப்புத் தாளும் கிழியாமல் கழற்றப்படுகின்றன. கண்ணாடியை மேலேற்றி, கதவுச் சட்டத்துடன் வலுவான ஒட்டுநாடாவால் கட்டிய பின்னரே ரெகுலேட்டரை அகற்ற வேண்டும். பல வண்டிகளில் இது ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால் அவற்றைத் துளையிட்டு நீக்க நேரும். புதிய பொறியைப் பொருத்தியபின், உட்பலகையை மூடுமுன் கண்ணாடி முழுத் தொலைவுக்கும் தடையின்றி ஏறி இறங்குகின்றதா எனப் பார்க்கப்படுகின்றது. பயனற்றுப்போன கம்பிகளின் முனைகள் காப்பிடப்படுகின்றன. ஈரத்தடுப்புத் தாளை மீண்டும் ஒட்டாவிடில் மழைநீர் வண்டியினுள் கசியும்.

கத்தரி வகை ரெகுலேட்டரில் கண்ணாடியின் எடையை ஈடுசெய்ய இறுகிய சுருள்வில் ஒன்று இருக்கக்கூடும். பற்தகட்டை அசையாதபடி பிணைக்காமல் மின்னோடியைக் கழற்றினால், வில்லின் விசையால் கைகள் திடீரெனப் பாய்ந்து விரல்களை வெட்டவோ நசுக்கவோ செய்யும். இவ்வேலையில் மிகுந்த ஆபத்துள்ள கட்டம் இதுவாகும்.

பாதுகாப்பு

குழந்தைகள் சாளரத்தின் வெளியே தலையை நீட்டியபடி, முழங்காலால் ஆளியைத் தவறுதலாக அழுத்திக் கழுத்து நெரிபட்டு இறந்த நிகழ்வுகள் உண்டு. இதன் விளைவாக, மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி மூடும் ஆளிகளைக் கட்டாயமாக்க 2005 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. கைச்சாளரத்தில் இவ்வகை விபத்துக்கு இடமில்லை. எனினும் பின்னிருக்கைக் குழந்தை கண்ணாடியை இறக்குவதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து தடுக்க இயலாது.

நீரில் விழுந்த தானுந்திலிருந்து கைச்சாளரத்தின் வழியே எளிதில் தப்பலாம் என்பது பரவலான நம்பிக்கை. மின்சாரம் இல்லாமலும் இயங்கும் என்ற அளவில் இது சரியே. ஆனால் நீர்மட்டம் கண்ணாடிக்கு மேல் உயர்ந்தபின், நீரழுத்தம் கண்ணாடியைச் சட்டத்துடன் அழுத்துவதால் எந்த வகைச் சாளரத்தையும் இறக்குவது கடினம். பெரும்பாலான வண்டிகள் மூழ்குமுன் சிறிது நேரம் மிதக்கின்றன. அந்நேரத்திலேயே சாளரத்தைத் திறந்து வெளியேற வேண்டும்.

மின்சாளரம் மட்டுமே கொண்டு வடிவமைக்கப்பட்ட அண்மைக்கால வண்டிகளுக்கு இம்மாற்றம் உகந்ததன்று. அவற்றுக்குப் பொருந்தும் கைவிசைப் பாகங்கள் உற்பத்தி செய்யப்பட்டிருக்காது. மேலும் சில வண்டிகளில், பக்கவாட்டுக் காற்றுப்பையை இயக்கும் அழுத்த உணரி கதவினுள் அமைந்துள்ளது. அத்தகைய கதவில் புதிதாகத் துளையிடுவது, மோதலின்போது உணரியின் செயற்பாட்டைப் பாதிக்கக்கூடும்.