யூத பாசிச எதிர்ப்புக் குழு

யூத பாசிச எதிர்ப்புக் குழு என்பது, இரண்டாம் உலகப் போரின்போது 1942-ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்தில் அரசின் ஒப்புதலுடன் அமைக்கப்பட்ட அமைப்பாகும். நாட்சி ஜெர்மனிக்கு எதிரான போருக்கு உலக யூதர்களின் ஆதரவையும் நிதியையும் திரட்டுவது இதன் பணியாக இருந்தது. போர் முடிந்து மூன்று ஆண்டுகளில் ஸ்டாலின் அரசு இக்குழுவைக் கலைத்து, அதன் முன்னணியினரைக் கைது செய்தது. 1952 ஆகஸ்ட் 12 அன்று 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசு ஒப்படைத்த பணியைச் செய்ததே அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளுக்கு அடிப்படையாயிற்று.

தோற்றமும் பணியும்

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. கைப்பற்றப்பட்ட உக்ரைன், பெலருஸ், லித்துவேனியா பகுதிகளில் யூதர்கள் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மேலை நாடுகளின் உதவி தேவைப்பட்ட நிலையில் சோவியத் அரசு இக்குழுவை உருவாக்கியது. மாஸ்கோ அரசு யூத நாடக அரங்கின் இயக்குநரும் புகழ்பெற்ற நடிகருமான சாலமன் மிகோயல்ஸ் இதன் தலைவரானார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் 'ஐனிகைட்' (ஒற்றுமை) என்ற செய்தித்தாளையும் குழு வெளியிட்டது.

1943-இல் மிகோயல்ஸும் கவிஞர் இட்சிக் பெஃபரும் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். நியூயார்க்கில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். அங்கு அவர்கள் அறிவியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனையும் சந்தித்தனர்.

சோவியத் மண்ணில் யூதர்கள் கொல்லப்பட்டதற்கான சான்றுகளைத் தொகுக்கும் பணியிலும் குழு ஈடுபட்டது. எழுத்தாளர்கள் இல்யா எரென்பர்க், வசிலி குரொஸ்மான் ஆகியோர் தலைமையில் 'கருப்பு நூல்' என்னும் தொகுப்பு உருவானது.

அரசின் போக்கு மாறுதல்

போருக்குப் பின் பனிப்போர் தொடங்கியது. வெளிநாட்டுத் தொடர்பு எதுவாயினும் ஐயத்துக்குரியதாயிற்று. இறந்தவர்கள் அனைவரும் 'சோவியத் குடிமக்கள்' என்பதே அரசின் நிலைப்பாடு. யூதர்கள் என்பதற்காகவே பலர் கொல்லப்பட்டனர் என்று தனித்துக் கூறுவது தேசியவாதமாகக் கருதப்பட்டது. இதனால் 'கருப்பு நூல்' அச்சேறாமல் தடுக்கப்பட்டது. 1948-இல் இஸ்ரேல் உருவானதை சோவியத் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. எனினும் அந்நாட்டின் தூதர் கோல்டா மெயரை மாஸ்கோ யூதர்கள் பெருந்திரளாக வரவேற்றது ஆட்சியாளர்களுக்கு எரிச்சலூட்டியது.

அதற்கு முன்பே, 1948 ஜனவரியில், மின்ஸ்க் நகருக்குச் சென்றிருந்த மிகோயல்ஸ் ஸ்டாலினின் ஆணைப்படி உளவுத்துறையினரால் கொல்லப்பட்டார். அது வாகன விபத்து என அறிவிக்கப்பட்டு, மாஸ்கோவில் அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் குழு கலைக்கப்பட்டது, 'ஐனிகைட்' நிறுத்தப்பட்டது. மிகோயல்ஸின் நாடக அரங்கும் 1949-இல் மூடப்பட்டது.

கைதும் விசாரணையும்

கைதானவர்களில் 15 பேர் மீது 1952 மே 8 முதல் ஜூலை 18 வரை மாஸ்கோவில் இரகசிய விசாரணை நடைபெற்றது. அரசு வழக்கறிஞரோ எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ இல்லை. அமெரிக்காவுக்காக உளவு பார்த்தனர், கிரிமியாவைச் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிக்க முயன்றனர் என்பன முதன்மைக் குற்றச்சாட்டுகள். 1943 வெளிநாட்டுப் பயணமும், கிரிமியாவில் யூதக் குடியரசு அமைக்கக் கோரி 1944-இல் அரசுக்கே அனுப்பிய மனுவும் இவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன.

அடித்துத் துன்புறுத்திப் பெற்ற வாக்குமூலங்களைப் பலர் நீதிமன்றத்தில் மறுத்தனர். மருத்துவமனைத் தலைவராக இருந்த போரிஸ் ஷிமெலியோவிச் சித்திரவதைக்குப் பின்னும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. உளவுத்துறைக்குத் தகவல் தந்துவந்த பெஃபரும் இறுதியில் தம் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். சான்றுகள் போதா என்று கண்ட தலைமை நீதிபதி அலெக்சாந்தர் செப்சோவ் மறுபுலனாய்வு கோரினார். மேலிடம் முன்பே முடிவு செய்துவிட்டதால் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

1952 ஆகஸ்ட் 12

மரண தண்டனை பெற்ற 13 பேரும் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரெட்ஸ் மார்கிஷ், டேவிட் ஹோஃப்ஸ்டீன், லெய்ப் குவிட்கோ, இட்சிக் பெஃபர் ஆகிய கவிஞர்களும், நாவலாசிரியர் டேவிட் பெர்கல்சனும் அவர்களுள் அடங்குவர். குவிட்கோ, சோவியத் குழந்தைகள் விரும்பிப் படித்த பாடல்களை எழுதியவர். பெர்கல்சனுக்கு அன்று 68-ஆவது பிறந்தநாள். இந்நிகழ்வு 'கொலையுண்ட கவிஞர்களின் இரவு' என அழைக்கப்படுகிறது. எஞ்சிய இருவரில் உடலியங்கியல் அறிஞர் லீனா ஸ்டெர்ன் சிறைத் தண்டனையும் நாடுகடத்தலும் பெற்றார். சாலமன் பிரெக்மன் சிறையில் நினைவிழந்து, 1953-இல் இறந்தார்.

பின்விளைவுகள்

1953 ஜனவரி 13 அன்று, பெரும்பாலும் யூதர்களான மருத்துவர்கள் சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக நாளிதழ்கள் அறிவித்தன. அதில் மிகோயல்ஸும் சதிகாரராகக் குறிப்பிடப்பட்டார். மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். ஏப்ரலில் மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

கவிஞர்களின் குடும்பத்தினருக்கு மரணச் செய்தி தெரிவிக்கப்படாமலே இருந்தது. மார்கிஷின் குடும்பம், அவர் இறந்துவிட்டதை அறியாமலே 1953-இல் கசகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டது. 1955 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இராணுவப் பிரிவு தீர்ப்பை நீக்கியது; உறவினர்கள் உண்மையை அறிந்தது அப்போதுதான். ஆனால் அந்த முடிவு பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. கோர்பசேவ் காலத்தில், 1980-களின் இறுதியிலேயே வழக்கின் விவரங்கள் வெளிப்படையாகப் பேசப்பட்டன. 1994-இல் விசாரணைப் பதிவுகள் ரஷ்ய மொழியில் நூலாக வந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தங்களுக்காகத் தாங்களே வாதாடிய சொற்களை அவற்றில் இன்று படிக்க முடிகிறது.