அடைக்கலம் தந்த இடத்தில் உயிர் போனால்...

அண்டை வீட்டார் நம்மிடம் கொடுத்துச் சென்ற நகை காணாமற் போனால் நமக்கு உறக்கம் வருமா? அப்படியானால், ஒரு மனிதரையே நம்மிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தால்? அநாதைக் குழந்தை, மனநோயுற்றவர், கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த பெண் ஆகியோரை ஏற்கும் இல்லம் ஒவ்வொன்றும் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது திருமறையின் கட்டளையாகும் (4:58).

வடசென்னையின் இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மனநோயுற்ற உறவினரை ஏர்வாடிக்கு அழைத்துச் செல்வது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. முன்பு அவ்வூரில் தர்காவை நாடி வருவோருக்கெனத் தனியார் நடத்திய விடுதிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். தீ ஒரு நாளில் மூண்டது. ஆனால் சங்கிலி ஒரு நாளில் பூட்டப்பட்டதன்று. வந்து சென்ற அனைவரும் அதைக் கண்டிருந்தனர்.

பிறகே நாடு விழித்தது. ஒரு வாரத்தில் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். விசாரணை ஆணையம் அமைந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2007-இல் விடுதி நடத்தியோர் தண்டனை பெற்றனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுத்துவிட்டது.

இத்தகைய நேரத்தில் பொறுப்பாளர் செய்ய வேண்டியது என்ன? பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வு வழி காட்டுகிறது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற படையினர், பனூ ஜதீமா கூட்டத்தார் கூறிய சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டு சிலரைக் கொன்றுவிட்டனர். செய்தி எட்டியதும் அண்ணலார் அதை மறைக்கவில்லை. தம் தளபதியென்று சப்பைக்கட்டும் கட்டவில்லை. இரு கரங்களையும் உயர்த்தி, அச்செயலில் தமக்குப் பங்கில்லை என்று இறைவனிடம் முறையிட்டார்கள். பின்னர் அலி (ரலி) அவர்களைப் பொருளுடன் அனுப்பினார்கள். ஒவ்வோர் உயிருக்கும் ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. நாய் நீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட விலை கொடுக்கப்பட்டது. மீதமிருந்த பொருளையும், தெரியாமல் விடுபட்ட இழப்புகளுக்கென்று அலி (ரலி) அவர்கள் அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள். அண்ணலார் அதனை மெச்சினார்கள் என்று வரலாறு கூறுகிறது.

உண்மையை ஒப்புக்கொள்ளுதல், இழந்தவரைத் தேடிச் சென்று ஈடு செய்தல் ஆகிய இரண்டும் இதில் அடங்கியுள்ளன அன்றோ! ஆனால் நம்மில் நடப்பதென்ன? "இல்லத்தின் பெயர் கெடும்", "ஜமாஅத்துக்கு இழுக்கு" என்று வாயை மூடுகிறோம். ஜனாஸாவைத் தாமதிக்காதிருப்பது சுன்னத்துதான். ஆயினும், உயிர் ஏன் போயிற்று என்னும் கேள்வியையும் சேர்த்துப் புதைப்பதற்காக அந்தச் சுன்னத்து நமக்குத் தரப்படவில்லை. சந்தேக மரணமாயின் காவல் நிலையத்துக்கு அறிவிப்பதும், பிரேதப் பரிசோதனைக்கு இடம் கொடுப்பதும், பெற்றோருக்கு அன்றே உள்ளதை உள்ளபடி சொல்வதும் கடமையாகும். சாட்சியத்தை மறைப்பவனின் நெஞ்சம் பாவத்துக்குள்ளானது என்று திருமறை எச்சரிக்கிறது (2:283).

கேள்வி கேட்கப்படுவதை அவமானமாகக் கருத வேண்டாம். 2020 ஜூனில் நம் இராயபுரத்துச் சிறார் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா தொற்று கண்டபோது, உச்சநீதிமன்றம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. தாய் தந்தையர் அருகில் இல்லாத பிள்ளைகளுக்காக நாட்டின் தலையாய நீதிமன்றமே கேட்கிறதென்றால், சொந்த உறவினராகிய நாம் கேளாதிருப்பது தகுமா?

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் உறவினரை ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தால், மாதாமாதம் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். நேரில் செல்லுங்கள். இரவில் காவல் யார், கதவின் சாவி யாரிடம், மருத்துவர் எப்போது வருகிறார் என்று கேளுங்கள். கையிலும் காலிலும் தழும்பு உண்டா என்று பாருங்கள். ஏர்வாடியில் மாண்டோரும் யாரோ ஒருவரால் நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களே.

நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பரே என்றும், தத்தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவோம் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மறுமையில் அந்த வினாவுக்கு நாணாமல் விடை கூறும் பேற்றினை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.